புத்தரி விழாவும் மூதாதையர் சொல்லும்: ‘பட்டோலெ பளமெ’ குறித்த ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

குடகு நாட்டுக் கொடவர்களின் விழாக்களுள் மூன்று முதன்மையானவை. அவை ஆவணியில் படைக்கலங்களைப் போற்றும் கைல்பொள்து, ஐப்பசிப் பிறப்பில் தலைக்காவிரியில் நிகழும் காவிரிச் சங்கிரமணம், கார்த்திகை நிலவில் புதுநெல்லை வீட்டுக்குக் கொண்டுவரும் புத்தரி என்பனவாகும். இம்மூன்றனுள் புத்தரியே குடும்பத்தார் அனைவரும் தம் மூதாதையர் மனையில் ஒன்றுகூடும் விழாவாகும். பெங்களூரிலும் மைசூரிலும் பிற நகரங்களிலும் பணிபுரியும் கொடவர்கள் இந்நாளில் ஊர் திரும்புவதைத் தம் கடமையாகக் கருதுகின்றனர்.

இவ்விழாவைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் இரு நூல்கள் தலையாயவை. ஒன்று, நடிகேரியண்ட சின்னப்பா 1924இல் வெளியிட்ட ‘பட்டோலெ பளமெ’. மற்றொன்று, எம்.என். ஸ்ரீநிவாஸ் 1952இல் வெளியிட்ட, தென்னிந்தியக் குடகர்களின் சமயமும் சமூகமும் பற்றிய ஆங்கில ஆய்வு நூல். முன்னது சொல்லைத் திரட்டியது. பின்னது சடங்கை விளக்கியது. மூதாதையரைப் போற்றுதல் என்பது சடங்கில் மட்டுமன்றிச் சடங்கைச் சூழ்ந்த மொழியின் இலக்கண அமைப்பிலும் நிலைபெற்றுள்ளது என்பதையும், அம்மொழி தளரும்போது சடங்கு எஞ்சினாலும் அதன் பொருளில் ஒரு பகுதி இழக்கப்படுகிறது என்பதையும் இவ்விரு நூல்களையும் ஒருங்குவைத்து நோக்கும்போது உணரலாம்.

2. விழாவும் ‘ஒக்க’வும்

புத்தரி என்பது புது அரி, அதாவது புதிய அரிசி. கன்னடத்தில் இவ்விழா ‘ஹுத்தரி’ எனப்படுகிறது. மொழிமுதற் பகரம் கன்னடத்தில் ஹகரமாகத் திரிந்ததும், கொடவ மொழி பகரத்தையே காத்துநிற்பதும் இவ்விரு பெயர்களாலும் விளங்கும். கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டக் கோயில்களிலும் நிகழும் ‘நிறைபுத்தரி’ இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. புத்தரி நாளில் கொடவர்கள் மரஇலைகளைச் சேர்த்துக் கட்டும் சடங்கின் பெயரில் வரும் ‘நெரெ’ என்னும் சொல்லும் தமிழின் ‘நிறை’யை நினைவூட்டுகிறது.

விழா நாளையும் கதிரறுக்கும் நேரத்தையும் கக்கபெ அருகிலுள்ள பாடி இக்குத்தப்பன் கோயிலில் கணித்து அறிவிப்பர். அன்று மாலை குடும்பத்தார் ‘ஐன்மனை’ எனப்படும் மூதாதையர் வீட்டில் கூடுவர். அவ்வீட்டின் நடுக்கூடத்தில் விளக்கேற்றி வணங்கியபின், நிலவொளியில் வயலுக்குச் சென்று முதற்கதிரை அறுப்பர். துப்பாக்கி வெடி முழங்கும். ‘பொலி, பொலி’ என்னும் வாழ்த்தொலி எழும். கதிர்கள் வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டுப் பல இடங்களிலும் கட்டப்படும். புத்தரிசி சேர்த்துச் சமைத்த பாயசமும், கனிந்த வாழைப்பழத்தோடு வறுத்த அரிசிமாவைப் பிசைந்து செய்யும் ‘தம்புட்டு’ம் பரிமாறப்படும். இளையோர் மூத்தோரின் காலைத் தொட்டு வாழ்த்துப் பெறுவர். அடுத்த நாள்களில் ஊர்ப் பொதுவிடமாகிய ‘மந்த்’தில் கோலாட்டம் நிகழும்.

இக்கூட்டத்தின் அலகு ‘ஒக்க’ ஆகும். ஒரே மூதாதையிடமிருந்து தந்தைவழியில் தோன்றியவர் அனைவரும் ஓர் ஒக்க. தமிழில் சுற்றத்தைக் குறிக்கும் ‘ஒக்கல்’ இச்சொல்லோடு உறவுடையது. திருக்குறள் இல்வாழ்வான் பேணத்தக்கவர்களை எண்ணும் இடத்தில் தென்புலத்தாரை முதலிலும் ஒக்கலை நான்காவதாகவும் வைக்கிறது. அங்கு மூதாதையரும் சுற்றத்தாரும் வெவ்வேறு தொகுதியினர். கொடவரின் ஒக்கவிலோ இறந்தோரும் வாழ்வோரும் ஒரே தொகுதியினர். மூதாதை ஒக்கவுக்கு வெளியே வைத்து வணங்கப்படும் ஒருவர் அல்லர், அதன் மூத்த உறுப்பினரே ஆவர்.

மூதாதையைக் குறிக்கும் ‘காரண’ என்னும் சொல்லும் இதனை வலியுறுத்தும். ஒக்கவின் முதல்வரைக் ‘குருகாரண’ என்பர். மலையாளத்திலும் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழிக் குடும்பங்களிலும் ‘காரணவர்’ என்பது குடும்பத்தை நடத்தும் தலைவரைச் சுட்டும். அங்கு அது தாய்வழிக் குடும்பத்தில் வாழ்ந்துகொண்டிருக்கும் ஒருவரின் பதவிப் பெயர். குடகில் அதே சொல் தந்தைவழிக் குடும்பத்தின் மறைந்த முன்னோரைக் குறிக்கிறது. பொருள் வேறுபட்டாலும், குடும்பத்தைத் தாங்குபவர் என்னும் கருத்து இரண்டிற்கும் பொதுவாகும்.

3. ஸ்ரீநிவாஸின் நோக்கு

ஸ்ரீநிவாஸின் நூல் இந்தியச் சமூகவியலில் ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. ராட்கிளிஃப் பிரௌனின் முன்னுரையோடு வெளிவந்த அந்நூல், சடங்குகள் சமூகக் குழுக்களின் ஒருமைப்பாட்டை எவ்வாறு நிலைநிறுத்துகின்றன என்னும் வினாவை மையமாகக் கொண்டது. ஒக்க, ஊர், நாடு என விரியும் வட்டங்கள் ஒவ்வொன்றுக்கும் உரிய வழிபாட்டை அவர் வகைப்படுத்தினார். ‘சமஸ்கிருதமயமாதல்’ என்னும் கருத்தாக்கம் பரவலாக அறியப்பட்டதும் இந்நூலின் வாயிலாகவே.

இந்நோக்கின்படி, புத்தரி ஒக்கவை ஒன்றுபடுத்துகிறது. மூதாதை வழிபாடு ஒக்கவின் தொடர்ச்சியை உறுதிசெய்கிறது. இவ்விளக்கம் பிழையன்று. ஆயினும் இது எந்தச் சமூகத்தின் எந்தக் குடும்ப விழாவுக்கும் ஏறத்தாழப் பொருந்தக்கூடியது. பொங்கலும் ஓணமும் குடும்பத்தை ஒன்றுபடுத்துகின்றன. புத்தரியின் தனித்தன்மையை ஒற்றுமை என்னும் பொதுப்பயனில் காண இயலாது. ஸ்ரீநிவாஸ் கொடவச் சொற்களை வேண்டுமிடத்தில் எடுத்தாண்டு பொருள் கூறுகிறார். அவற்றின் இலக்கண அமைப்பை ஆராய்வது அவர் நூலின் நோக்கமன்று. அந்நூலில் சடங்கு ஒரு செயலாகக் காணப்படுகிறதேயன்றி ஒரு பேச்சாகக் காணப்படவில்லை. இங்குச் சுட்டப்படுவது அவர் விட்ட குறையன்று. அவர் வரைந்துகொண்ட எல்லையே. அந்த எல்லைக்கு அப்பால் செல்ல உதவும் நூல் அதற்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்திருந்தது.

4. ‘பட்டோலெ பளமெ’யின் தகுதியும் எல்லையும்

நடிகேரியண்ட சின்னப்பா காவல்துறையில் பணியாற்றியவர். கொடவரின் வாய்மொழிப் பாடல்களையும் பழமொழிகளையும் வழக்காறுகளையும் திரட்டிக் கன்னட எழுத்தில் வெளியிட்டார். நூலின் பெரும்பகுதி பாடல்களே. திருமணம், இறப்பு, பருவ விழாக்கள், தெய்வங்கள், வீரர்கள் பற்றிய இப்பாடல்களை நால்வர் துடி கொட்டிப் பாடுவது மரபு. சங்க இலக்கியத்தில் பயிலும் துடி என்னும் இசைக்கருவிப் பெயர், குடகின் பாடல் மரபில் இன்றும் வழங்குவது கருதத்தக்கது.

நூலின் பெயரிலேயே அதன் நோக்கம் விளங்குகிறது. ‘பட்டோலெ’ என்பது பட்டோலை. ‘பளமெ’ என்பது பழமை. கொடவ மொழியில் ழகரம் ளகரமாயிற்று. இச்சொல் பழைய மரபையும் வழிவழி வந்த கூற்றையும் ஒருங்கே சுட்டுகிறது. கொங்கு வட்டாரத் தமிழில் ‘பழமை பேசுதல்’ என்றால் உரையாடுதல் என்று பொருள்படுவதை இங்கு நினைவுகூரலாம். பழமை என்பது பேசப்படுவது. பேசப்படும்வரை அது வாழும் என்னும் கருத்து இவ்விரு வழக்குகளுக்கும் அடியில் உள்ளது.

ஒரு திராவிட மொழியின் நாட்டார் வழக்காறுகளை அம்மொழி பேசும் ஒருவரே திரட்டிய தொடக்ககால முயற்சிகளுள் இந்நூல் ஒன்று. இதன் முதற்சிறப்பு, தொகுப்பாளர் வெளியாளர் அல்லர் என்பதாகும். தம் ஒக்கவின் முற்றத்தில் கேட்டவற்றுக்கும் பிறரிடம் சென்று திரட்டியவற்றுக்கும் இடையே அவர் எழுதியிருக்கிறார். இதன் விளைவாகச் சொற்கள் விளக்கப்பட வேண்டிய புதுமைகளாக அன்றி, காக்கப்பட வேண்டிய உடைமைகளாக அதில் இடம்பெறுகின்றன.

எனினும் இரண்டு எல்லைகளைச் சுட்டியாக வேண்டும். முதலாவது, எழுத்து. கொடவ மொழிக்கு உரிய நடு உயிர்கள் கன்னட எழுத்தில் இல்லை. இவ்வுயிர்களை எமனோ தம் கள ஆய்வின் அடிப்படையில் விளக்கியுள்ளார். சொல்லிறுதியில் வரும் நடு உயிர் தமிழின் குற்றியலுகரத்தோடு ஒப்பிடத்தக்கது. தமிழர் குற்றியலுகரத்தைத் தனி எழுத்தின்றியே இயல்பாக ஒலிப்பதற்குக் காரணம், அவர்கள் அம்மொழியைப் பேசுவதே. கொடவ மொழியைப் பேசுவோருக்குச் சின்னப்பாவின் எழுத்து போதுமானதாக இருந்தது. கன்னடம் மட்டும் படிக்கத் தெரிந்த இன்றைய இளம் கொடவர் அதே பக்கத்தைப் படிக்கும்போது, கன்னட உயிர்களே அவர் வாயில் ஒலிக்கும். நூல் மாறவில்லை; நூலுக்கும் வாசகருக்கும் இடையே இருந்த பேச்சு மறைந்துவிட்டது.

இரண்டாவது, பாடலுக்கும் பேச்சுக்கும் உள்ள வேறுபாடு. பாடல் தொகுப்பு எதுவாயினும் அது பாடலையே முதன்மையாகக் காக்கும். விளக்கேற்றும்போதும் கதிரைக் கையளிக்கும்போதும் இளையோரை வாழ்த்தும்போதும் மூத்தோர் கூறும் சிறு சிறு கூற்றுகள் பாடலுக்கு வெளியே நிற்பவை. மேலும் வாய்மொழியில் ஒரு பாடலுக்குப் பல வடிவங்கள் இருக்கும்; அச்சில் ஒன்றே நிலைக்கும். இந்த எல்லைகள் நூலின் தகுதியைக் குறைப்பன அல்ல. ஆனால் நூல் கையில் இருக்கிறது, ஆகவே மரபு காக்கப்பட்டது என்று நிறைவடைவதற்கு அவை தடையாகும்.

5. இலக்கணத்தில் நிற்கும் மூதாதை

சடங்கு கூறாத எதனை மொழி கூறுகிறது என்பதற்கு மூன்று சான்றுகள் போதும்.

முதலாவது, ஒக்கவின் பெயர். நடிகேரியண்ட, பாண்டண்ட, கொடந்தேர போன்ற குடும்பப் பெயர்கள் ஆறாம் வேற்றுமை ஈற்றில் முடிகின்றன. ‘அவனுடைய’ என்பதற்குக் கொடவ மொழியில் ‘அவண்ட’ என்பர். சின்னப்பா பகவத்கீதையைத் தழுவி எழுதிய நூலின் பெயர் ‘பகவந்தண்ட பாட்ட்’, அதாவது பகவானுடைய பாட்டு. குடும்பப் பெயரிலும் அதே ஈறே உள்ளது. குடும்பப் பெயர் முன்னும் இயற்பெயர் பின்னும் வருவதால், ஒவ்வொருவர் பெயரும் ‘இன்ன முன்னோருடைய இன்னார்’ என்னும் தொடராக அமைகிறது. இதில் உடையவர் மூதாதை. உடைமை வாழும் மனிதர். தமிழ் இலக்கண உரையாசிரியர்கள் ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தற்கிழமை, பிறிதின்கிழமை எனப் பகுப்பர். சாத்தனது கை என்பதைப் போன்று பிரிக்கவியலாத உறவு தற்கிழமை. கொடவரின் பெயரிலுள்ள கிழமை இவ்வகையினதே. பரம்பரை என்பது வாழ்வோர் உடைமையாகக் கொண்ட ஒன்று என்பதே பொது வழக்கு; இப்பெயர்கள் அதனைத் தலைகீழாக்கி, வாழ்வோரைப் பரம்பரையின் உடைமை ஆக்குகின்றன. ஜெனரல் கே.எம். கரியப்பாவின் பெயரிலுள்ள முதலெழுத்து கொடந்தேர என்பதைக் குறிக்கும். அப்பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கும்போது குடும்பத்தின் அடையாளம் எஞ்சுகிறது. வேற்றுமை உருபு மறைந்துவிடுகிறது.

இரண்டாவது, மூதாதையர்க்குப் படையலிடும் சடங்கின் பெயர். இதனைக் ‘காரணங் கொட்ப’ என்பர். காரணருக்குக் கொடுத்தல் என்பது இதன் பொருள். கொடுத்தலைக் குறிக்கக் கொடவ மொழியில் இரு வினைகள் உள்ளன. பெறுபவர் தன்மையிலோ முன்னிலையிலோ இருந்தால் ‘தர்’, படர்க்கையாயின் ‘கொட்’. இந்த வேறுபாட்டைத் திராவிட மொழிகள் பலவற்றிலும் எமனோ 1945இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக ஆராய்ந்தார். தொல்காப்பியக் கிளவியாக்கம் தரு, வரு ஆகிய சொற்களைத் தன்மை முன்னிலைக்கும், செலவு, கொடை ஆகியவற்றைப் படர்க்கைக்கும் உரியனவாக விதித்திருப்பதும் இதுவே. ஈ, தா, கொடு என்பவற்றை இரப்போரின் தகுதிக்கேற்ப வகுக்கும் எச்சவியல் விதி இங்குப் பொருந்தாது. அவ்விதிப்படி ‘கொடு’ என்பது உயர்ந்தோர் கூற்றாகும், மூதாதையரோ இரப்போரும் அல்லர், தாழ்ந்தோரும் அல்லர். ஆகவே இடப்பாகுபாடே ஈண்டுப் பொருந்தும் விளக்கமாகும்.

இதன்படி, படையல் இடும்போது மூதாதை படர்க்கையில் உள்ளார். அவர் இங்கில்லாதவர் என்பதை வினைச்சொல்லே ஒப்புக்கொள்கிறது. பின்னர் அவரை விளித்து வேண்டும்போது அவர் முன்னிலை ஆகிறார். வேண்டுவோர் தமக்கு அருளுமாறு கேட்பதற்கு உரிய வினை ‘தர்’ என்பதே. ஒரே சடங்கில் ‘கொட்’ என்பதிலிருந்து ‘தர்’ என்பதற்கு நகர்வது, இல்லாத ஒருவர் எதிரே வந்து நிற்பதற்கு ஒப்பாகும். கன்னடத்தில் ‘கொடு’ என்னும் ஒரே வினை இரண்டிடத்தும் வரும். ஆங்கிலத்திலும் அவ்வாறே. சடங்கு அம்மொழிகளில் நிகழும்போது படையல் அதே இடத்தில் வைக்கப்படும். ஆனால் அந்த நகர்வு சொல்லில் நிகழாது.

மூன்றாவது, கதிரறுக்கும்போது எழும் ‘பொலி’ என்னும் வாழ்த்து. தமிழ் உழவர் களத்து நெற்குவியலைப் ‘பொலி’ என்பதும், களத்தில் அச்சொல்லையே கூவுவதும் அறியப்பட்டவை. பெருகுதல் என்னும் பொருளுடைய இச்சொல், வைணவப் பாசுரத்தில் அடியார் கூட்டம் பெருகுவதையும் வாழ்த்தியிருக்கிறது. நெல்லும் குடியும் ஒருசேரப் பெருகுக என்பதே இச்சொல்லின் உட்கிடை. எனவே புத்தரி இரவில் இச்சொல்லைக் கூவும் ஒக்க, வயலை மட்டும் வாழ்த்தவில்லை. முன்னோரிடமிருந்து தொடங்கிய தன் பெருக்கத்தையும் வாழ்த்துகிறது. மூன்று சான்றுகளுள் இன்றும் ஊறின்றி இருப்பது இது ஒன்றே. கொடவ மொழி அறியாத சிறாரும் இதனைக் கூவுகின்றனர்.

6. இன்றைய நிலை

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கொடவ மொழியைத் தாய்மொழியாகக் கூறியோர் 1,66,187 பேர்; 2011இல் 1,13,857 பேர். இவ்வீழ்ச்சியை அப்படியே பேசுவோர் குறைவாகக் கொள்வது பொருந்தாது. தாய்மொழி எது என்று கேட்கும்போது மக்கள் அளிக்கும் விடை சூழலுக்கேற்ப மாறக்கூடியது. எனினும் யுனெஸ்கோவின் மொழிப் பட்டியல் கொடவ மொழியை உறுதியாக இடருக்குள்ளான மொழிகளின் வரிசையில் வைத்துள்ளது.

மறுபுறம், ஒக்கவின் உணர்வு தளரவில்லை. 1997இல் தொடங்கிய கொடவக் குடும்ப ஹாக்கிப் போட்டியில் அணிகள் ஒக்கப் பெயராலேயே ஆடுகின்றன. ஆண்டுதோறும் ஓர் ஒக்க அதனை ஏற்று நடத்த, கோப்பையும் அப்பெயரைப் பெறுகிறது. ஐன்மனைகள் பல புதுப்பிக்கப்பட்டுள்ளன. ஆகவே இங்குள்ள நிலை மரபை மறத்தல் அன்று. மரபைப் போற்றிக்கொண்டே அதன் மொழியை விட்டு நீங்குதல் ஆகும்.

இதற்கு ஒரு மறுப்பு கூறப்படலாம். தமிழர் பலர் முன்னோர்க்குச் செய்யும் திதியில் சமஸ்கிருத மந்திரங்களைப் பொருள் அறியாமலே கேட்கின்றனர். அச்சடங்கு நூற்றாண்டுகளாக நிலைத்துள்ளது. எனின், புரியும் மொழி சடங்குக்கு இன்றியமையாததோ என்பது அம்மறுப்பு. இதற்கு விடை, சொல்லைக் காப்பவர் யார் என்பதில் உள்ளது. திதியில் மந்திரத்தைக் காக்கப் புரோகிதர் உள்ளார். குடும்பம் அறியாவிடினும் சொல் அவரிடம் இருக்கும். கொடவரின் வீட்டுச் சடங்குகளைக் குடும்பத்து மூத்தோரே நடத்துவர். அங்குச் சொல்லுக்குத் தனிக் காவலர் இல்லை. பேரன் பேசாத மொழியில் அடுத்த தலைமுறையின் மூத்தோர் வாழ்த்த இயலாது. ஏனெனில் அந்த மூத்தோர் அப்பேரனே.

7. முடிவுரை

ஸ்ரீநிவாஸின் நூல் ஒக்க எவ்வாறு ஒன்றுபடுகிறது என்பதைக் காட்டியது. சின்னப்பாவின் நூல் ஒன்றுபட்டவர்கள் எதைப் பாடினர் என்பதைக் காத்தது. மூதாதையர் எந்த இலக்கண இடத்தில் நிற்கின்றனர் என்னும் மூன்றாவது வினாவுக்கு இவ்விரு நூல்களையும் எமனோவின் மொழியாய்வையும் இணைத்தே விடை காண இயலும். ‘பட்டோலெ பளமெ’யின் மதிப்பு, அது ஒரு பழம்பாடல் தொகுதி என்பதில் மட்டும் இல்லை, இத்தகைய வினாவை எழுப்புவதற்கு வேண்டிய சொற்களை அவை வழக்கில் இருந்த காலத்திலேயே தாளில் ஏற்றியதில் உள்ளது.

அந்நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2003இல் வெளிவந்தது. மொழிபெயர்த்த போவேரியண்ட நஞ்சம்மா, சின்னப்பா இணையர் நூலாசிரியரின் பேரப்பிள்ளைகள். அவர்களே பின்னர் ஐன்மனைகளை நேரில் கண்டு ஆவணப்படுத்தி, 2014இல் ஒரு நூலும் வெளியிட்டனர். பாட்டனின் நூலைப் பேரப்பிள்ளைகள் பிற மொழியினர்க்கு உரியதாக்கியது, காரணருக்குச் செய்த கடன்களுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது. ஆனால் மொழிபெயர்ப்பு கடக்க இயலாத இடங்களே மேலே காட்டிய வேற்றுமை உருபும் வினைப்பாகுபாடும் ஆகும்.

ஆகவே இனிச் செய்யத்தக்கவை இரண்டு. ஒலிப்பதிவோடும், நடு உயிர்களை வேறுபடுத்திக் காட்டும் எழுத்து முறையோடும், இலக்கணக் குறிப்புகளோடும் ‘பட்டோலெ பளமெ’க்கு ஓர் ஆய்வுப் பதிப்பு வேண்டும். அதனோடு, பாடலுக்கு வெளியே நிற்கும் மூத்தோரின் கூற்றுகளைப் புத்தரி நாளிலேயே, ஐன்மனையிலேயே பதிவுசெய்ய வேண்டும். இவற்றுள் முன்னதைக் கல்வி நிறுவனங்கள் செய்யலாம். பின்னதை ஒக்கதான் செய்ய வேண்டும். கூடத்து விளக்கின் முன் என்ன சொல்ல வேண்டும் என்பதை அறிந்த மூத்தோரும், அதைக் கேட்க வேண்டிய இளையோரும் ஆண்டில் ஓர் இரவேனும் அங்கு ஒன்றாக நிற்கின்றனர்.